மின்சாரம் வந்தது, பாதுகாப்பு எப்போது வரும்?

நாடாளுமன்றத்தில் மின்துறை குறித்த விவாதம் என்றாலே மெகாவாட் கணக்கும் விநியோக நிறுவனங்களின் நஷ்டமுமே பெரும்பாலும் பேசப்படுகின்றன. வீட்டுச் சுவரில் உள்ள பிளக் பாயிண்ட் பற்றிய பேச்சு அரிது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் மின்சாரம் தாக்கி 12,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள நகரியை எடுத்துக்கொள்வோம். தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழும் விசைத்தறி ஊர் அது. வீடும் தறிக்கூடமும் ஒரே கூரையின்கீழ் அமையும்போது ஆபத்து இரட்டிப்பாகிறது. தறியின் அதிர்வில் திருகுகள் தளரும். தளர்ந்த இணைப்பு சூடேறும். படிந்திருக்கும் பஞ்சுத்தூசி தீப்பற்றும்.

பிளக்கின் மூன்று முனைகளில் தடித்து நீண்டிருப்பது எர்த் முனை. அது முதலில் நுழைந்து கடைசியில் வெளியேற வேண்டும் என்பதற்கே அந்த நீளம். மோட்டாரிலோ மிக்ஸியிலோ கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுசெல்வது அதுவே. பழைய வீடுகள் பலவற்றில் அந்தத் துளை உண்டு. அதன் பின்னே பச்சைக் கம்பி இல்லை. ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். 6 ஆம்பியர் ஃபியூஸ் வயரைக் காக்கும், மனிதனைக் காக்காது. உடல் வழியே 30 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. ஃபியூஸின் அளவோ அதைப்போல் 200 மடங்கு. அந்தச் சிறு கசிவை உணர்ந்து நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி.

மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகள், 5 கிலோவாட்டுக்குக் குறைந்த வீட்டு இணைப்புகளுக்கு இக்கருவியிலிருந்து விலக்களித்தன. அந்த விலக்குக்குள் வந்தவை எளியவர்களின் வீடுகளே. 2023-இல் புதிய விதிகள் வந்தன. பழைய வீடுகளின் சுவர்களோ மாறவில்லை.

2017-இல் தொடங்கிய சௌபாக்யா திட்டத்தில் 2.8 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் மின்னிணைப்புப் பெற்றன. பெருமைக்குரிய சாதனைதான். விசைத்தறிகளுக்கு 500 யூனிட் இலவச மின்சாரம் என ஆந்திர அரசு 2025-இல் அறிவித்ததும் வரவேற்கத்தக்கதே. ஆயினும் அரசின் அக்கறை மீட்டரோடு நின்றுவிடுகிறது. மீட்டருக்கு அப்பால் நுகர்வோர் பொறுப்பு என்பது நியாயமாகத் தோன்றலாம். தினக்கூலி நெசவாளியிடம் எர்த் குழி தோண்டவும் கருவி வாங்கவும் பணம் எங்கே இருக்கிறது?

யூனிட்டுக்கு மானியம் தரும் அரசு, எர்த்துக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் ஒருமுறை மானியம் தரலாகாதா? மின் ஆய்வாளர்கள் விபத்து நடந்த பிறகு விசாரிக்க வருகிறார்கள். விசைத்தறி வீடுகளுக்கு அவர்கள் முன்கூட்டியே வரும் ஏற்பாடு தேவை. இணைப்புகளை எண்ணிய அரசு, இனி எர்த் உள்ள வீடுகளையும் எண்ணட்டும்.