இயற்கைச் சங்கத்தில் நாம் எங்கே?

கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் கன்று நட்டுக்கொண்டிருந்த சீன மூதாட்டி ஒருவர், நீரோரம் நின்ற வெள்ளைப் பறவையைக் காட்டி, "தமிழில் இதற்கு என்ன பெயர்?" என்று மலாயில் கேட்டார். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை அவர். "கொக்கு" என்றேன். சற்றுத் தள்ளி நின்ற சாம்பல் நிறப் பறவையைக் காட்டினார். அதற்கும் கொக்கு என்றேன். மரத்தின் மேல் வழுக்கைத் தலையோடு உட்கார்ந்திருந்த பெரிய பறவையைக் காட்டினார். "அதுவும் ஒரு கொக்குதான், ஆன்ட்டி."

அவர் சிரித்துவிட்டார். மலாயில் முதலாவது பாங்காவ், இரண்டாவது பூச்சோங், மூன்றாவது போத்தாக். தமிழில் மட்டும் மூன்றுக்கும் ஒரே பெயரா? ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். யு.பி.எஸ்.ஆர். தேர்வில் தமிழ்த் தாள் இரண்டிலும் 'ஏ' வாங்கியவன். சேற்றில் நின்றதைவிட அந்தச் சிரிப்பின் முன் நின்றதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

மலேசிய இயற்கைச் சங்கம் 1940ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1985, 86ஆம் ஆண்டுகளில் எண்டாவ் ரொம்பின் காட்டுக்குள் ஆய்வுக் குழுக்களை அனுப்பி, அந்தக் காட்டைக் காக்க வேண்டும் என்ற குரலை நாடு முழுவதும் எழுப்பியது இச்சங்கம்தான். தொண்டூழியர்களின் வேலையோ மிகச் சாதாரணமானது. முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கும் பாக்காவ் நாற்றுகளை நீர் வற்றும் நேரம் பார்த்து நட வேண்டும். சாய்ந்துவிடாமல் குச்சியில் கட்ட வேண்டும். நட்டவை எல்லாம் பிழைப்பதில்லை. எத்தனை பிழைத்தன என்று சில மாதம் கழித்து வந்து எண்ணுவதும் ஒரு வேலைதான். நான் போன மூன்று முறையும் அங்கு வந்திருந்த தமிழ் மாணவன் நான் ஒருவன் மட்டுமே.

ஏன்? விடுதி நண்பனை அழைத்தேன். "சிஜில் கொடுப்பாங்களா? மெரிட் உண்டா?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த தவணைக்கு விடுதியில் இடம் கிடைப்பது அந்த மெரிட் புள்ளியில்தான் இருக்கிறது. நம்மில் பலருக்குச் சனிக்கிழமை என்பது டியூசன் நாள், பகுதி நேர வேலை நாள். நானும் ஒவ்வொரு முறையும் அறுபது வெள்ளியை விட்டுவிட்டுத்தான் போகிறேன். போக்குவரத்துக்கு வேறு யாராவது மனம் இரங்க வேண்டும். 'தமிழனுக்கு இயற்கையில் அக்கறை இல்லை' என்று மேடையில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆனால் என்னைத் தூங்க விடாதது அப்பா சொன்னதுதான். "ஒங்க தாத்தாவோட அப்பா காட்ட வெட்டிச் சோறு தின்னாரு. நீ போயி மரம் நட்டுட்டு வர்றியா?" என்றார். கேலி போலத்தான் தொடங்கினார். சற்று நேரம் கழித்து, "தோட்டத்தத் துண்டாடி நம்மள வெளியாக்குனப்ப ஒருத்தனும் வந்து நிக்கல. பறவைக்குன்னா மட்டும் கூட்டம் கூடுது" என்றார். லயத்து வீட்டை விட்டு வெளியேறியபோது அவருக்குப் பதினேழு வயது. இந்தக் கோபத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பூட்டன் காட்டை அழித்தது தம் விருப்பத்தால் அன்று, நாள் கூலிக்கு. அந்தப் பழியை நாம் சுமக்கத் தேவையில்லை. ஆனால், நம்மை வெளியேற்றினார்கள் என்பதற்காக இந்த மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையையும் நாமே விட்டுக்கொடுக்க வேண்டுமா?

அந்த வார இறுதியில் புக்கிட் ரோத்தானில் இருக்கும் பாட்டியிடம் கொக்குக் கதையைச் சொன்னேன். பாட்டிக்கு எண்பத்து மூன்று வயது. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. "எல்லாம் கொக்காடா?" என்று அதட்டினார். "கொக்கு வேற, நார வேற. கால்வா ஓரமா மண்ணு நெறத்துல பதுங்கி நிக்கும், பறந்தா வெள்ளையாத் தெரியும், அது மடையான். ராத்திரி 'வக்கு வக்கு'ன்னு கத்திக்கிட்டுப் போறது வக்கா." அவர் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த சொற்கள், பாட்டி அவற்றைத் தோட்டத்துக் கால்வாயில் பார்த்துப் பொருத்திக்கொண்டிருக்கிறார். இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்த எனக்கு, பாட்டியிடம் இதைக் கேட்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. போத்தாக் பறவைக்கு அவரிடமும் பெயர் இல்லை. "அத நான் கிட்டத்துல பாத்ததில்லய்யா" என்றார்.

இதெல்லாம் கடலோரத்து விசயம், நமக்கென்ன என்று நினைப்பவர்கள் பத்துமலையை எண்ணிப் பாருங்கள். 272 படிகள் ஏறுகிறோம். அவற்றின் மேல்பாதியில் இருட்டுக் குகைக்கு வழி பிரிகிறது. 2019இல் பொதுமக்களுக்கு மூடப்பட்ட அந்தக் குகையில் பூந்தேன் குடிக்கும் வௌவால்கள் வாழ்கின்றன. அவற்றின் எச்சத்தை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, ஐம்பதுக்கும் மேற்பட்ட தாவர வகைகளை அவை நாடுவதாகக் கண்டது. டுரியானும் பெத்தாயும் காய்ப்பதில் இந்த வௌவால்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இவை இரவில் முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் பறந்து, கடலோரச் சதுப்புநிலத்துப் பெரெம்பாங் இன மரங்களின் பூக்களைத் தேடிப் போவதை 1970களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சதுப்புநிலக் காடு அழிந்தால் முருகன் மலைக் குகையில் குடியிருப்பவற்றுக்கும் உணவு குறையும். தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் போகிற எனக்கு இதைச் சொன்னது கோயிலும் அன்று, பள்ளியும் அன்று. சேற்றில் என்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆசிரியைதான்.

2012இல் பத்துமலை அருகே 29 மாடிக் கட்டடம் ஒன்று எழ இருந்தபோது கோயில் நிர்வாகமும் எதிர்த்தது, இயற்கைச் சங்கமும் எதிர்த்தது. திட்டம் நிறுத்தப்பட்டது. இரு தரப்பும் ஒரே பக்கம் நின்ற அந்த வரலாறு நம் கழகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் தமிழ்மொழிக் கழகம் பட்டிமன்றம் நடத்துகிறது, சிறுகதைப் போட்டி நடத்துகிறது, தீபாவளி இரவுக்குப் பேருந்து பிடிக்கிறது. தவணைக்கு ஒரு சனிக்கிழமை அதே பேருந்தைக் கோலசிலாங்கூருக்கு விட்டால் என்ன? மெரிட் புள்ளிக்கும் கழகமே விண்ணப்பிக்கலாம், கேட்டால்தானே கிடைக்கும். போய் வருபவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பறவை, மரம், மீன் பெயர்களைக் கேட்டு எழுதி வரட்டும். அந்தப் பட்டியலுக்கு அடுத்த ஆண்டு மலரில் நான்கு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பழைய மாணவர்களில் வேன் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் இன்னும் நல்லது.

நான் மட்டும் காத்திருக்கப் போவதில்லை. அடுத்த மாதம் நாற்றுகளை எண்ணும் நாள். பாட்டியையும் அழைத்துப் போகிறேன். சேற்றில் இறக்க மாட்டேன், மரப்பாலத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம் என்றார்கள். அப்பாதான் காரோட்டி வருகிறார். "பாட்டிக்காகத்தான்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்.