எந்தப் பாத்திரத்தில் பால் அதிகம்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வீட்டுக் கூடத்தில் ஒரு வழக்கு நடந்தது. வாதி, ஐந்து வயதுச் சிறுமி; பிரதிவாதி, அவளுடைய அண்ணன். தாய் இருவருக்கும் ஒரே ஆழாக்கினால் பால் அளந்து, அண்ணனுக்கு உயரமான டம்ளரிலும் தங்கைக்கு அகன்ற கிண்ணத்திலும் ஊற்றினாள். "அண்ணாவுக்குத்தான் ஜாஸ்தி!" என்று குழந்தை ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "கண்ணெதிரே அளந்தேனே, மக்கு!" என்று தாயார் அதட்டியும் பயனில்லை.

"உனக்கு எப்படியம்மா தெரிந்தது?" என்று கேட்டேன்.

"அவன் பால் இத்தனை உசரம் இருக்கே, மாமா!" என்றாள்.

இது மக்கின் பதிலா, நேயர்களே? குழந்தை உயரத்தைப் பார்த்தாள். அதைக் கொண்டு ஒரு முடிவுக்கு வந்தாள். அகலத்தையும் சேர்த்துப் பார்க்கும் பருவம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஸ்விட்ஜர்லாந்து தேசத்து அறிஞர் ழான் பியாஜே (1896–1980) தம் ஆயுளில் பெரும் பகுதியை இத்தகைய பதில்களை ஆராய்வதிலேயே செலவிட்டார். 1920-ஆம் ஆண்டை ஒட்டிப் பாரிஸ் நகரத்துப் பிள்ளைகளுக்குப் புத்திப் பரீட்சை வைக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. சரியான விடைகளை எண்ணினால் போதும். அவரோ தவறான விடைகளில் மனத்தைப் பறிகொடுத்தார். ஒரே பிராயத்துக் குழந்தைகள் ஒரே மாதிரி தவறுவதைக் கண்டார். ஏறக்குறைய ஏழு வயதில், "திருப்பி ஊற்றினால் பழையபடி ஆகிவிடுமே!" என்று குழந்தை தானாகவே சொல்லத் தொடங்குகிறது என்பது அவர் முடிவு.

ஸ்காட்லாந்து தேசத்து மார்கரெட் டொனால்ட்ஸன் அம்மையார் 1978-இல் வெளியிட்ட நூலில் வேறொரு சங்கதியை எடுத்துக் காட்டினார். சம எண்ணிக்கையுள்ள இரண்டு வரிசை வில்லைகளில் ஒன்றைப் பெரியவர் கலைத்துவிட்டு, "இப்பொழுதும் சமந்தானா?" என்று கேட்டால் பல குழந்தைகள் தடுமாறின. குறும்புக்காரப் பொம்மைக் கரடி ஒன்று வந்து கலைத்ததுபோல் நடித்துக் கேட்டபோதோ, அதிகம் பேர் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் கேட்கும்பொழுது குழந்தை வில்லையை மட்டுமா பார்க்கிறது? அவர் எந்தப் பதிலை விரும்புகிறார் என்று முகத்தையும் அல்லவா பார்க்கிறது!

இதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். உபாத்தியாயர் வேலைக்கு வந்த புதிதில், முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன், "நிலா என் பின்னாலேயே வருகிறது, ஸார்" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். அந்த வருஷம் முழுவதும் அவன் தானாக வாய் திறக்கவேயில்லை. பேசினால் சிரிப்பார்கள் என்ற பாடத்தை மட்டும் என்னிடம் நன்றாகக் கற்றுக்கொண்டான்.

ஆகையால் பெற்றோர்களுக்கு என் விண்ணப்பம் இது: குழந்தை தவறாகச் சொன்னால் உடனே திருத்தாதீர்கள். "எப்படித் தெரிந்தது?" என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். குளிக்கும்போது சொம்பும் கிண்ணமும் கொடுத்து நீரை மாற்றி மாற்றி ஊற்ற விடுங்கள். புளியங்கொட்டைகளை நெருக்கியும் பரப்பியும் வரிசை வைத்து எண்ணட்டும். பல்லாங்குழியைவிடச் சிறந்த கணக்குப் புஸ்தகம் உண்டோ?

அன்று மாலை என் மருமகளிடம் அந்த டம்ளரையும் கிண்ணத்தையும் கொடுத்துக் கிணற்றடியில் உட்கார வைத்தோம். அரை மணி நேரம் ஊற்றினாள். தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கடைசியில், "டம்ளர்த் தண்ணீர் கிண்ணத்துக்குள் எப்படி, மாமா, அடங்குகிறது?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. வழக்குக்கு வாய்தா போட்டிருக்கிறோம்.