பல்லை அடைக்கத் தமிழ் போதாதாம்!

கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் கொத்தர் எவரையேனும் வினவுக. பொடியையும் நீரையும் அளவறிந்து குழைத்து, இறுகுமுன் பூசி முடிக்க வேண்டும் என்பார். சுண்ணாம்பைக் கடுக்காய் நீரொடு சேர்த்துப் பூசிய அவர்தம் முன்னோர் அதனைக் காரை என்றனர். பல் மருத்துவர் சொத்தைப் பல்லில் அடைக்கும் 'கிளாசு அயனோமர் சிமெண்டு' என்பதும் ஒரு காரையே. கண்ணாடிக் காரை என்றால் கொத்தர்க்கும் விளங்கும். அவர் மகனுக்கும் விளங்கும். அறிவியலுக்குத் தமிழ் உதவாது என்னும் மெத்தப் படித்தவர்கட்கு மட்டும் விளங்காதாம்!

1969-இல் இலண்டனில் அரசு வேதியாய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கெண்டும் கண்டது இக்காரை. சுண்ணமும் அலுமினியமும் புளோரைடும் சேர்த்துருக்கிய கண்ணாடியை நுண்பொடியாக்கி, நீண்ட இழை போன்ற மூலக்கூறுகளையுடைய காடியொடு குழைப்பர். காடி கண்ணாடியை அரிக்கும். அதனின்று வெளிப்படும் மாழைக்கூறுகள் அவ்விழைகளைப் பிணிக்கும். சில மணித்துளிகளில் காரை இறுகும். பல்லிலுள்ள சுண்ணத்தைத் தானே பற்றிக்கொள்ளும். புளோரைடைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். கடைவாய்ப் பல்லின் பெருங்குழிக்கு வலிமை போதாமை அதன் குறை. இதில் எந்தச் செய்தி தமிழுக்கு அகப்படாமல் ஓடி ஒளிந்தது?

கைக்கருவியாற் சொத்தையைச் சுரண்டியெடுத்து இக்காரையால் அடைக்கும் முறை 1980-களில் தான்சானியாவில் தோன்றியது. துளைப்பொறியும் வேண்டா, மின்னாற்றலும் வேண்டா. வெள்ளிமலைக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கட்கு இதனினும் ஏற்றது யாது? உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. அச்செய்தி தமிழிற் சென்று சேராத வீட்டுத் தாய், பல் வலித்தாற் பிடுங்குவதொன்றே வழியென நம்பியிருப்பாள். (அடிவாரத்திலோ கூட்டுறவுச் சருக்கரை ஆலை, இனிப்புக்குக் குறைவில்லை!)

பல்லோடு நின்றதா? என்பையும் தொட்டது. உயிருள்ள என்பொடு பிணையும் வேறொரு கண்ணாடியை அமெரிக்கப் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் இலாரி என்ச் என்பார் அதே 1969-இல் ஆக்கினார். அது நன்மையாயிற்று. ஆனால் பல்லுக்கென வந்த காரை வகையையே காது, மண்டையோட்டு அறுவைக்குக் கொண்டுசென்றபோது, 1990-களில் ஐரோப்பாவில் கேடு நேர்ந்தது. இறுகுமுன் காரையினின்று கசிந்த அலுமினியம் மூளைநீரிற் கலந்தது. நோயாளர் சிலர் மாண்டனர். அலுமினியம் இல்லாக் கண்ணாடியையும் ஆய்வாளர் தேடினர். இக்காரையில் என்ன கலந்துள்ளது என்று கேட்க நோயாளிக்கு உரிமையில்லையா? எந்த மொழியிற் கேட்பான்? அறுவைக்குமுன் ஒப்பம் வாங்கும் தாளின் மொழி அவனுக்குப் புரியாவிடின், அவன் இட்டது ஒப்பமா, வெறுங்கோடா?

சொல்லாக்கத்திலும் விழிப்பு வேண்டும். பற்காரை என்று பெயரிடலாகாது. பல்லிற் படிந்திறுகும் ஊத்தைக்கு அப்பெயர் முன்பே உண்டு. பல்லுக்குக் கண்ணாடிக் காரை, என்புக்கு என்பிணைக் காரை எனலாம். கள்ளக்குறிச்சியில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. அங்குச் சுவரில் ஒட்டும் அறிவிப்பிலும், நோயாளி கையில் தரும் தாளிலும் இச்சொற்கள் முதலில் ஏறட்டும். மலைமேலுள்ள நலவாழ்வு நிலையங்கட்குப் பொடியும் காடியும் அத்தாளோடு சேர்ந்தே போகட்டும்.