கணப்பில் கை வைத்த சர்க்கார்

தொழிலாளர் பெயரைச் சொல்லி வோட்டு வாங்கிப் பதவிக்கு வந்த ஒரு கட்சி, நான்கு வாரம் முடிவதற்குள் யார் மடியில் கை வைத்தது? பாங்கி முதலாளிகளின் மடியிலா? எண்ணெய்க் கம்பெனிகளின் மடியிலா? இல்லை. உழைத்து ஓய்ந்த முதியவர்கள் குளிர்காலத்தில் மூட்டிக்கொள்ளும் கணப்பில் கை வைத்தது. பிரிட்டனில் 2024 ஜூலையில் நடந்த கதை இது. அடுத்த வருஷம் ஜூன் மாதத்திற்குள் அந்தச் சர்க்கார் சுட்டுக்கொண்ட கையை இழுத்துக்கொள்ளவும் நேர்ந்தது. நமது மில் தொழிலாளத் தோழர்களும் விவசாயத் தொழிலாளத் தோழர்களும் இந்தக் கதையை முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கருதுகிறோம். அங்கே வீசிய கத்தி நமக்குப் பழக்கமான கத்திதான்.

முதலில் குளிரைப் பற்றி. நம்மில் பெரும்பாலோருக்கு மார்கழி என்றால் ஒரு துப்பட்டி போதும். வால்பாறையிலும் நீலகிரியிலும் கொழுந்து பறிக்கும் தோழர்களுக்குத்தான் எலும்பில் இறங்கும் குளிர் என்னவென்று தெரியும். பிரிட்டனில் நவம்பரிலிருந்து மார்ச் வரை அதைவிடக் கடுமை. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். வீட்டைச் சூடாக்காமல் அங்கே வயதானவர் உயிர் தரிப்பது கஷ்டம். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், மாரடைப்பும் பக்கவாதமும் வரும், நெஞ்சுச் சளி கட்டும். 2014-15 குளிர்காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் மற்ற மாதங்களின் சராசரியைவிட 43,900 பேர் அதிகமாகச் செத்தார்கள் என்பது அந்நாட்டு சர்க்காரின் புள்ளிவிவர இலாகாவே வெளியிட்ட கணக்கு. விஷக் காய்ச்சலுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் சில்லிட்ட வீட்டில் படுத்திருக்கும் கிழவரைக் காய்ச்சல் சும்மா விடுமா?

இதற்காகத்தான் 1997ல் லேபர் கட்சியின் நிதி மந்திரி கார்டன் பிரவுன், குளிர்கால எரிபொருள் உதவித்தொகை என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பென்ஷன் வயதை எட்டிய எல்லோருக்கும் உண்டு. மனு வேண்டாம், சர்டிபிகேட் வேண்டாம், யாருடைய சிபார்சும் வேண்டாம். சிறு தொகையாகத் தொடங்கிய இது பிறகு 200 பவுன் ஆயிற்று, 80 வயதைத் தாண்டியவர் உள்ள வீட்டிற்கு 300 பவுன் ஆயிற்று. சராசரிக் குடும்பத்திற்கு காஸ், மின்சாரச் செலவு வருஷத்திற்கு 1,717 பவுன் என்று 2024 அக்டோபரில் அங்கே உச்சவரம்பு கட்டினார்கள். ஆக, அந்தச் செலவில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்கு வரை இந்த உதவித்தொகை ஏற்றுக்கொண்டது.

2024 ஜூலை 29ந் தேதி நிதி மந்திரி ரேச்சல் ரீவ்ஸ் எழுந்தார். முந்தைய டோரி சர்க்கார் 2,200 கோடி பவுன் பள்ளம் வைத்துவிட்டுப் போய்விட்டது, அதை அடைக்க வேண்டும் என்றார். இனிமேல் பென்ஷன் கிரெடிட் என்னும் ஏழ்மை உதவியையோ அது போன்ற வேறு உதவியையோ பெறுகிறவர்களுக்கு மட்டுமே குளிர்காலப் பணம் என்றார். ஒரே அறிவிப்பில் சுமார் ஒரு கோடி முதியவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். மிச்சமாகும் என்று சொன்ன பணம் அந்த வருஷத்திற்குச் சுமார் 140 கோடி பவுன். பள்ளம் 2,200 கோடி, அடைத்த மண் 140 கோடி! அந்த அக்டோபரிலேயே காஸ், மின்சார உச்சவரம்பு பத்து சதவிகிதம் ஏறியது. ஒரு கையால் விலையை ஏற விட்டு, மறு கையால் உதவியைப் பிடுங்கினார்கள்.

சர்க்கார் தரப்பு வாதம் என்ன? கோடீசுவரக் கிழவனுக்கு எதற்கு இந்தப் பணம், ஏழைக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்பது வாதம். கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கிறது. நம் தோழர்களிலேயே சிலர் தலையாட்டக்கூடும். ஆகவே இதை நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

யார் ஏழை? தனியாக இருப்பவருக்கு வாரம் 218 பவுன் 15 பென்ஸ் என்று கோடு போட்டார்கள். அதற்குக் கீழே இருந்தால் பென்ஷன் கிரெடிட், ஒரு பவுன் மேலே போனால் குளிர்காலப் பணம் கிடையாது. நாற்பது வருஷம் சந்தா கட்டி ஆலையில் ஒரு சிறு பென்ஷன் சம்பாதித்து வைத்த தொழிலாளி, அந்தச் சிறு பென்ஷனாலேயே கோட்டைத் தாண்டிப் பணக்காரர் வரிசையில் போய் விழுந்தார். கோடீசுவரருக்கு 200 பவுன் போனால் ஒரு வேளை விருந்துச் செலவு. இவருக்கோ இரண்டு மாதக் கணப்பு.

சரி, கோட்டுக்குக் கீழே இருந்தவர்களுக்காவது முழுக்கக் கிடைத்ததா? அதுவும் இல்லை. பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதி இருந்தும் வாங்காதவர்கள் 8,80,000 பேர் வரை இருக்கக்கூடும் என்று சர்க்காரே அப்போது மதிப்பிட்டது. ஏன் வாங்கவில்லை? மனுப் பாரத்தில் 243 கேள்விகள்! எண்பது வயதுக் கண்ணுக்கு எட்டாத எழுத்து. மகளிடம் கேட்க வெட்கம். பிச்சை கேட்கிறோமே என்ற மானம். பாரம் ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் எத்தனையோ பேர்.

இங்கேதான் மோசடியின் வேர் இருக்கிறது. பென்ஷன் கிரெடிட் வாங்குகிறவருக்கு சராசரியாக வருஷம் 3,900 பவுன் கிடைக்கிறது என்று சர்க்காரே விளம்பரம் செய்தது. 8,80,000 பேரும் மனுப் போட்டு வாங்கியிருந்தால் என்ன ஆகும்? பெருக்கிப் பாருங்கள். 300 கோடி பவுனுக்கும் மேலே போகிறது. மிச்சம் பிடித்ததாகச் சொன்ன 140 கோடியைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆக, பரம ஏழைகள் தங்களுக்கு உரியதைக் கேட்காமல் மௌனமாக இருந்தால்தான் மந்திரியின் கணக்கில் மிச்சம் நிற்கும்! ஏழைக்கு மட்டும் என்று வாயால் சொன்னவர்கள், ஏழை வரமாட்டான் என்ற தைரியத்தில்தான் பட்ஜெட் போட்டார்கள்.

ஏப்ரலில் பென்ஷன் உயரப் போகிறது, அதில் சரிக்கட்டிக் கொள்ளலாம் என்றும் சமாதானம் சொன்னார்கள். ஏப்ரலில் வரும் பணம் ஜனவரியில் அடுப்பை எரிக்காது.

இந்த வசதிச் சோதனை பிரிட்டிஷ் தொழிலாளி வர்க்கத்திற்குப் புதிதல்ல. 1908ல் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தபோதே, 70 வயதானவருக்கு வாரம் 5 ஷில்லிங் கொடுப்பதற்கு வருமானத்தையும் சோதித்தார்கள், நடத்தையையும் சோதித்தார்கள். 1931ல் வேலையில்லாதவர்களுக்கு மீன்ஸ் டெஸ்ட் வந்தது. அதிகாரி வீட்டுக்குள் வந்து மேஜை நாற்காலியை எண்ணுவான். மகன் கூலி வாங்கினால் அப்பனுக்குக் கொடுப்பதில் அதைக் கழிப்பான். நமது கிராமங்களில் முதியோர் பென்ஷன் மனு, மகன் இருக்கிறான் என்ற ஒரே காரணத்தால் தள்ளப்பட்டதை அனுபவித்த தோழர்களுக்கு இந்தக் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. 1932ல் கம்யூனிஸ்ட் தலைவர் வால் ஹானிங்டனும் வேலையில்லாத் தொழிலாளர் இயக்கமும் இதை எதிர்த்து லண்டனுக்குப் பட்டினி நடைப்பயணம் நடத்தினார்கள். பத்து லட்சம் கையெழுத்துடன் கொண்டுபோன மகஜரைப் போலீஸ் பறிமுதல் செய்தது. மீன்ஸ் டெஸ்ட் என்ற சொல்லே அந்நாட்டுத் தொழிலாளர் வீடுகளில் வசவுச் சொல்லாயிற்று. அந்தச் சொல்லை வெறுத்து வளர்ந்த பரம்பரையின் வோட்டில் வந்தவர்கள்தான் அதை மீண்டும் தூசி தட்டி எடுத்தார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2017ல் டோரி பிரதம மந்திரி தெரசா மே இதே உதவித்தொகையை வசதிச் சோதனைக்கு உட்படுத்துவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதினார். அப்போது லேபர் கட்சி, இதனால் சுமார் 4,000 முதியவர்கள் சாகக்கூடும் என்று கணக்கிட்டுப் பிரசாரம் செய்தது. ஏழு வருஷம் கழித்துத் தானே அதைச் செய்தபோது, விளைவு என்ன ஆகும் என்ற மதிப்பீட்டைக்கூடப் பார்லிமெண்டின் முன் வைக்கவில்லை. 2024 செப்டம்பர் 10ந் தேதி அதை ரத்து செய்யக் கோரும் தீர்மானம் காமன்ஸ் சபையில் வந்தது. கொண்டுவந்தவர்கள் டோரிகள்! 228 வோட்டுக்கு எதிராக 348 வோட்டில் சர்க்கார் அதைத் தோற்கடித்தது. லேபர் வரிசையில் அமர்ந்தவர்களில் தீர்மானத்தை ஆதரித்துக் கை தூக்கியவர் ஒரே ஒருவர், ஜான் டிரிக்கெட். யார்க்‌ஷயரின் பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதியின் பிரதிநிதி. பலர் வோட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். நவம்பரில், எல்லாம் முடிந்த பிறகு, வருஷத்திற்கு 50,000 முதல் 1,00,000 முதியவர்கள் வரை கூடுதலாக வறுமைக்குள் தள்ளப்படுவார்கள் என்று மந்திரியே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

பணம் இல்லை என்பது பொய். அதே 2024 ஜூலையில் உக்ரேன் யுத்தத்திற்கு வருஷம் 300 கோடி பவுன் தருவதாகப் பிரதம மந்திரி ஸ்டார்மர் வாக்களித்தார். கிழவர்களிடம் பிடுங்கியதைப் போல் இரண்டு மடங்கு. அதற்கு எந்த வசதிச் சோதனையும் இல்லை. கம்பெனிகளின் கதையோ இன்னும் அருமை. சுரங்கங்கள் 1947ல் தேசியமயமாயின. காஸும் மின்சாரமும் பொதுச் சொத்தாகத்தான் இருந்தன. தாட்சர் அம்மையார் 1986ல் காஸை விற்றார், 1990ல் மின்சாரத்தை விற்கத் தொடங்கினார். விளைவு? பிரிட்டிஷ் காஸ் கம்பெனியின் லாபம் 2022ல் சுமார் 7 கோடி பவுன், 2023ல் சுமார் 75 கோடி பவுன். பத்து மடங்கு! அதே கம்பெனியின் வசூல் ஏஜெண்டுகள், பாக்கி வைத்த நலிந்தோர் வீடுகளில் கதவைத் திறந்து புகுந்து, முன்பணம் போட்டால்தான் எரியும் மீட்டரைப் பலாத்காரமாக மாட்டியது 2023 பிப்ரவரியில் அம்பலமாயிற்று. இந்த லாபத்திலிருந்து எடுக்க மனம் வராதவர்களுக்குக் கிழவியின் 200 பவுன்தான் கண்ணில் பட்டது.

கோடீசுவரனுக்கும் போகிறதே என்ற கேள்விக்குத் தொழிலாளி வர்க்கத்தின் பதில் பழைய பதில்தான்: எல்லோருக்கும் கொடு, கோடீசுவரனிடம் வரியாக வாங்கு. உரிமை என்றால் எல்லோருக்கும் பொது. அதை அறுத்து ஏழைக்கு மட்டும் என்று சுருக்கினால், அதைக் காக்க நிற்பவர் தொகையும் சுருங்கும், அடுத்த வெட்டு சுலபமாகும்.

நமது ரேஷன் கடையில் இதை நாம் கண்டோம். பிரவுன் அங்கே எல்லோருக்கும் என்று தொடங்கிய அதே 1997ல், இங்கே மத்திய சர்க்கார் ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று இரண்டாக அறுத்தது. தமிழ்நாட்டில் எல்லா அட்டைக்கும் அரிசி என்ற ஏற்பாடு பிழைத்து நின்றது. பின்னர் இங்கும் வருமானம் கூடுதல் என்று சொல்லிக் குடும்ப அட்டையில் எச் முத்திரை குத்தி வெளியே தள்ளினார்கள். 2004 மே லோக்சபா தேர்தலில் ஜனங்கள் ஆளுங்கட்சியை ஓரிடம்கூட இல்லாமல் துடைத்தெறிந்தார்கள். அந்த மாதமே எச் முத்திரை மறைந்தது!

லண்டனிலும் அதேதான் நடந்தது. 2024 செப்டம்பரில் லிவர்பூலில் கூடிய லேபர் கட்சி மகாநாட்டில், யூனைட் தொழிற்சங்கம் வெட்டை ரத்து செய்யச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்து ஜெயித்தது. தலைவர்கள் சட்டை செய்யவில்லை. 2025 மே 1ந் தேதி ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் வந்தது. வீடு வீடாக வோட்டுக் கேட்கப் போனவர்களிடம் ஜனங்கள் குளிர்காலப் பணத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். ரன்கார்ன் இடைத்தேர்தலில் லேபர் கட்சி ஆறே வோட்டில் தோற்றது. மூன்று வாரத்தில், மே 21ந் தேதி, ஸ்டார்மர் பின்வாங்கப் போவதாகச் சொன்னார். ஜூன் 9ந் தேதி, வருஷ வருமானம் 35,000 பவுன் வரை உள்ள எல்லோருக்கும் உண்டு என்று அறிவித்தார்கள். சுமார் 90 லட்சம் முதியவர்களுக்கு மீண்டும் கிடைக்க வழி பிறந்தது.

இந்த வெற்றியை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஆத்திரப்பட்ட தொழிலாளர் வோட்டு எங்கே போயிற்று? ரன்கார்னில் ஜெயித்தது வெளிநாட்டிலிருந்து குடியேறிய ஏழைகள் மீது பழிபோட்டு வளரும் வலதுசாரி ரிஃபார்ம் கட்சி. அந்த ஒரே நாளில் 677 கவுன்சில் இடங்களும் அதற்குப் போயின. தொழிலாளியின் கட்சி என்று சொல்லிக்கொள்வது தொழிலாளியைக் கைவிட்டால், அந்தக் காலி இடத்தில் செங்கொடி தானாக வந்து நிற்பதில்லை. கண்டவனும் வந்து நிற்பான். இடதுசாரிகளும் சங்கங்களும் அந்தக் குளிர்காலம் முழுவதும் தெருவில் இன்னும் பலமாக நின்றிருந்தால் இந்த அறுவடை அவனுக்குப் போயிருக்காது என்பது நமது அபிப்பிராயம்.

புதிய ஏற்பாட்டிலும் கோடு அழியவில்லை. தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. 35,000 என்று இன்று போட்ட கோட்டை நாளை இறக்க ஒரு மந்திரிக்கு ஒரு பேச்சு போதும். 2024-25 குளிர்காலத்தில் ஒரு கோடிப் பேருக்குக் கொடுக்காமல் நிறுத்திய பணத்தை ஜூன் அறிவிப்பு ஒருவருக்கும் திருப்பித் தரவில்லை. அந்தப் பணத்தைப் பெற்றுத் தருவதும், கோட்டை அடியோடு அழிப்பதும் பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களின் முன் இருக்கும் வேலை. அதற்கு நமது ஆதரவைத் தெரிவிக்கும் தீர்மானங்களை ஆலைக் கிளைகளும் கிராமச் சங்கங்களும் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.