காலி இருக்கைகள் மீது பழி போடாதீர்கள்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் லிவர்பூலும் பர்ன்லியும் மோதிய 2021 ஜனவரி 21ஆம் தேதி ஆட்டம் நம்மூர்க் கணக்குக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குத் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒளிபரப்பில் சேர்த்திருந்த செயற்கை ஆரவாரத்துக்கு அடியில், பந்து விளம்பரப் பலகையில் மோதும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. இடைவேளைக்குச் சற்று முன்பு பர்ன்லியின் பென் மீ கோட்டைவிட்ட பந்தை லிவர்பூலின் ஒரிகி பறித்துக்கொண்டு ஓடினார். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். அடித்த பந்து குறுக்குக் கம்பியில் பட்டுத் திரும்பியது. 83ஆவது நிமிடத்தில் பர்ன்லியின் ஆஷ்லி பார்ன்ஸ் பெனால்டியை உள்ளே அனுப்பினார். 2017 ஏப்ரலில் இருந்து சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் லீக் ஆட்டம் எதிலும் தோற்காத லிவர்பூல், 68 ஆட்டங்களுக்குப் பிறகு தோற்றது.

மறுநாளே பேச்சு ஆரம்பித்துவிட்டது. “கூட்டம் இல்லை, அதான் ஆட்டமும் இல்லை” என்றார்கள். அதற்குப் பின் பிரைட்டன், மான்செஸ்டர் சிட்டி, எவர்ட்டன், செல்சி, ஃபுல்ஹாம் என்று வந்தவர்கள் எல்லோரும் ஆன்ஃபீல்டில் ஜெயித்துப் போனார்கள். சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு தோல்வி என்பது அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே இல்லாதது. அத்தோடு அந்தப் பேச்சு தீர்ப்பாகிவிட்டது. லிவர்பூலை லிவர்பூலாக்கியது கூட்டத்தின் சத்தம்தான், சத்தம் நின்றதும் சாயம் வெளுத்துவிட்டது என்று இன்றும் சொல்கிறார்கள். ரசிகர்களைப் பாராட்டுவதாக நினைத்தே பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அது அணிக்கும் நியாயம் செய்யவில்லை, ரசிகர்களுக்கும் நியாயம் செய்யவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பெருந்தொற்றால் நின்ற லீக் 2020 ஜூன் மாதம் காலி மைதானங்களில் மீண்டும் தொடங்கியது. அப்போதிருந்து நவம்பர் வரை ஆன்ஃபீல்டில் ஒரு ரசிகர்கூட இல்லாமல் ஒன்பது லீக் ஆட்டங்கள் நடந்தன. கிரிஸ்டல் பேலஸை 4–0, ஆஸ்டன் வில்லாவை 2–0, செல்சியை 5–3, லீட்ஸை 4–3, ஆர்சனலை 3–1, ஷெஃபீல்டு யுனைடெட்டையும் வெஸ்ட் ஹாமையும் 2–1, லெஸ்டரை 3–0 என்று லிவர்பூல் வீழ்த்தியது. பர்ன்லியுடன் மட்டும் 1–1 டிரா. ஒன்பதில் எட்டு வெற்றி, தோல்வி இல்லை. நாற்காலிகள் ஜூன் மாதமும் காலிதான், ஜனவரியிலும் காலிதான். காலி நாற்காலிதான் காரணம் என்றால் அந்த ஒன்பது ஆட்டங்களில் அது ஏன் வேலை செய்யவில்லை?

ஆக, இடையில் வேறு ஏதோ மாறியிருக்கிறது. மாறியது என்னவென்று ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அக்டோபர் 17 அன்று எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் வான் டைக்கின் முழங்கால் போனது. நவம்பரில் இங்கிலாந்து அணியின் பயிற்சியில் ஜோ கோமஸின் முழங்கால் போனது. ஜனவரி இறுதியில் மாட்டிப்பின் சீசனும் காயத்தால் முடிந்தது. நடுத் தடுப்பில் விளையாட வேண்டிய மூன்று பேருமே இல்லை. அந்த ஓட்டையை அடைக்க நடுக்களத்திலிருந்து ஃபாபின்யோவையும் ஹெண்டர்சனையும் பின்னால் இழுத்தார் பயிற்சியாளர் கிளாப். தடுப்பும் முழுதாகத் தேறவில்லை, நடுக்களமும் கெட்டது. எதிரணியின் பந்தை நடுவிலேயே பறித்து, அவர்கள் சுதாரிப்பதற்குள் முன்னால் அனுப்புவதுதான் அந்த அணியின் மூச்சு. அதைச் செய்கிற ஆட்கள் தங்கள் கோலுக்கு முன்னால் காவல் நின்றார்கள். பிப்ரவரி 20 அன்று ஹெண்டர்சனும் காயப்பட்டார். கடைசியில் பொறுப்பு வந்து சேர்ந்தது நாட் ஃபிலிப்ஸிடமும் ரீஸ் வில்லியம்ஸிடமும். வில்லியம்ஸ் அதற்கு முந்தைய சீசனில் ஆறாவது நிலை லீக்கில் கிட்டர்மின்ஸ்டர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த பையன்.

இதற்கு ஒரு பதில் சொல்வார்கள், அது கேட்க வேண்டிய பதில்தான். “காயம்தான் காரணம் என்றால், அதே நாட்களில் வெளியூரில் டாட்டன்ஹாமையும் வெஸ்ட் ஹாமையும் 3–1 என்று ஜெயித்தார்களே, ஊருக்குள் மட்டும் ஏன் தோற்றார்கள்?” ஆன்ஃபீல்டுக்கு வந்த பிரைட்டனும் பர்ன்லியும் ஃபுல்ஹாமும் என்ன செய்தன என்று பாருங்கள். பத்துப் பேரைப் பந்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, கிடைக்கும் ஒரு வாய்ப்புக்குக் காத்திருந்தன. சொந்த மைதானத்தில் டாட்டன்ஹாம் அப்படி ஆடுமா? முன்னால் வந்தது, பின்னால் இடம் விட்டது, லிவர்பூல் புகுந்தது. அந்தத் தோல்வி வரிசைக்கு நடுவிலேயே சாம்பியன்ஸ் லீக்கில் லைப்சிக்கை இரண்டு முறையும் 2–0 என்று ஜெயித்தார்கள். இரண்டும் நடந்தது புடாபெஸ்ட்டில், யாருக்கும் சொந்தமில்லாத காலி மைதானத்தில். தேவைப்பட்டது சத்தமென்றால் அங்கே அதை யார் கொடுத்தது?

மார்ச் 10 அன்று நடந்த இரண்டாவது லைப்சிக் ஆட்டத்தில் ஃபாபின்யோ மறுபடி நடுக்களத்துக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு ஆடிய பத்து லீக் ஆட்டங்களில் எட்டு வெற்றி, இரண்டு டிரா. முதல் எட்டு ஆட்டங்கள் ஆளில்லாத மைதானங்களில் நடந்தவை. ஓர் ஆள் தன் இடத்துக்குத் திரும்பினார், அணி எழுந்துகொண்டது. கூட்டம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

கூட்டத்துக்குப் பலனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2020–21 பிரீமியர் லீக்கில் சொந்த மைதான வெற்றிகள் 144, வெளியூர் வெற்றிகள் 153. இங்கிலாந்தின் முதல் நிலை லீக் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. கூட்டத்தின் கூச்சல் இல்லாதபோது, வெளியூர் அணிக்கு நடுவர்கள் காட்டும் அட்டைகளும் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. அந்த இழப்பு இருபது அணிகளுக்கும் பொது. மான்செஸ்டர் சிட்டி அதே காலி மைதானங்களில் ஆடித்தான் சாம்பியன் ஆனது. ஊர் முழுக்கப் பெய்த மழையில் ஒரு வீட்டுச் சுவர் மட்டும் இடிந்தால், மழையைக் குறை சொல்வதற்கு முன் சுவரைப் பார்ப்போம் இல்லையா?

பெருந்தொற்று அந்த அணியை உண்மையில் எங்கே அடித்தது என்று பார்க்க வேண்டுமானால் நாற்காலிகளை விட்டுவிட்டு மனிதர்களைப் பாருங்கள். 2021 தொடக்கத்தில் கிளாப்பின் தாயார் காலமானார். பயணக் கட்டுப்பாடுகளால் அடக்கத்துக்கு ஜெர்மனி போக முடியவில்லை. பிப்ரவரியில் கோல்கீப்பர் அலிசனின் தந்தை பிரேசிலில் நீரில் மூழ்கி இறந்தார். மகன் போக முடியவில்லை. பெற்றவர்களின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்காத துயரம் அந்த ஆண்டுகளில் நம் தெருக்களிலும் எத்தனையோ வீடுகளில் நடந்தது. அதைச் சுமந்துகொண்டு வாரம் இரண்டு ஆட்டம் ஆடிய மனிதர்களைப் பார்த்து, ‘கைதட்ட ஆளில்லாமல் சோர்ந்துவிட்டார்கள்’ என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

மே 16 அன்று வெஸ்ட் பிராம்விச்சில் நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். 1–1. கூடுதல் நேரத்தின் ஐந்தாவது நிமிடம். டிரா ஆனால் சாம்பியன்ஸ் லீக் இடம் கை நழுவும் நிலைமை. கார்னர் கிடைத்ததும் அலிசன் தன் கோலை விட்டுவிட்டு மைதானத்தின் மறுமுனைக்கு ஓடினார். அலெக்ஸாண்டர்-ஆர்னல்டு தூக்கிக் கொடுத்த பந்தைத் தலையால் திருப்பி வலைக்குள் அனுப்பினார். லிவர்பூல் வரலாற்றில் ஒரு கோல்கீப்பர் அடித்த முதல் கோல் அது. எழுந்து கத்த அங்கே ஒரு ரசிகர்கூட இல்லை. சக வீரர்கள் அவர்மேல் விழுந்து கத்தியது மட்டும் கேட்டது. ஆட்டம் முடிந்து பேட்டியில் தந்தையைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்தது. அந்த சீசனின் ஆகச் சிறந்த கணம் அதுதான், அது நடந்தது காலி மைதானத்தில்.

இன்னொரு வாதத்தை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. 2020இல் லிவர்பூல் வென்ற பட்டம் ‘பூட்டிய மைதானப் பட்டம்’, அதனால் மதிப்புக் குறைவு என்பார்கள். லீக் நிறுத்தப்பட்டபோது 29 ஆட்டங்களில் 27 வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி, 82 புள்ளிகள். இரண்டாம் இடத்தைவிட 25 புள்ளிகள் அதிகம். அதுவரை ஆன்ஃபீல்டில் ஆடிய 15 ஆட்டங்களும் நிரம்பிய மைதானத்தில் நடந்தவை, பதினைந்தும் வெற்றி. பட்டத்தில் பாக்கி இருந்தது முத்திரை குத்துவது மட்டும்தான். முப்பது ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அந்த முத்திரையை நேரில் பார்க்க முடியாமல் போனது பட்டத்தின் குறையாகுமா?

ரசிகர்கள் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டார்கள் என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை. பட்டம் உறுதியான மறுநாள் லிவர்பூலின் பியர் ஹெட் பகுதியில் ஆயிரக்கணக்கில் கூடியதும், பட்டாசு பட்டு லிவர் கட்டடத்தின் பால்கனி தீப்பிடித்ததும் தவறுதான். நோய் பரவிக்கொண்டிருந்த நேரத்தில் அதற்குச் சமாதானம் கிடையாது. ஆனால் 2020 மார்ச் 11 அன்று அட்லெட்டிகோ மாட்ரிட் ஆட்டத்துக்கு ஆன்ஃபீல்டை நிரப்பியது ரசிகர்களின் முடிவா? மாட்ரிட்டில் பள்ளிகளை மூடியிருந்தார்கள், ஸ்பெயினிலேயே பார்வையாளர் இல்லாமல் ஆடச் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து சுமார் 3,000 பேர் லிவர்பூலுக்கு வந்து கூட்டத்தோடு உட்கார அனுமதி இருந்தது. அன்று சுரங்கப் பாதையில் கைநீட்டிய ரசிகர்களைப் பார்த்து, கையை எடுங்கள் என்று கிளாப் கோபமாகக் கத்தினார். ஒரு பயிற்சியாளருக்கு இருந்த எச்சரிக்கை அனுமதி கொடுத்தவர்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

கூட்டமில்லாததால் தோற்றார்கள் என்பவர்களுக்கும், கூட்டமில்லாமலே லீக் நடந்துவிட்டதே, டிவி பணம் போதும் என்று கணக்குப் போட்ட முதலாளிகளுக்கும் அடிப்படையில் ஒரே எண்ணம்தான். இருவருக்குமே ரசிகர் என்றால் ஒலிபெருக்கி. ஒருவர் அது வேண்டும் என்கிறார், மற்றவர் ரெக்கார்டு போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்கிறார். மைதானத்துக்குள் பெரும்பாலும் கால் வைக்க முடியாத அந்த 14, 15 மாதங்களில் ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்று இருவருமே பார்க்கவில்லை.

2020 ஏப்ரல் 4 அன்று லிவர்பூல் நிர்வாகம், விளையாடாத ஊழியர்கள் பலரின் சம்பளத்தை அரசின் உதவித் திட்டத்தில் தள்ளிவிடப்போவதாக அறிவித்தது. முந்தைய ஆண்டுக் கணக்கில் 4.2 கோடி பவுண்டு லாபம் காட்டிய கிளப் அது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஏப்ரல் 6 அன்று முடிவை வாபஸ் வாங்கி மன்னிப்புக் கேட்டது கிளப். அக்டோபரில், பூட்டிய மைதானத்து ஆட்டங்கள் சிலவற்றை டிவியில் பார்க்கவே ஆட்டத்துக்கு 14.95 பவுண்டு கட்டச் சொன்னார்கள். பல அணிகளின் ரசிகர்கள் அந்தக் காசைக் கட்டாமல் உணவு வங்கிகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் அந்தக் கட்டணம் போனது. லிவர்பூலின் சிவப்புச் சட்டையினரும் எவர்ட்டனின் நீலச் சட்டையினரும் 2015இல் இருந்தே சேர்ந்து உணவு திரட்டுகிறார்கள். பெருந்தொற்றிலும் அந்த வேலை தொடர்ந்தது.

2021 ஏப்ரல் 18 அன்று சூப்பர் லீக் அறிவிப்பு வந்தது. பன்னிரண்டு பணக்கார கிளப்புகள் தங்களுக்கு நிரந்தர இடம் ஒதுக்கிக்கொண்டு தனியாக லீக் நடத்தும் திட்டம், அந்தக் கிளப்புகளில் லிவர்பூலும் ஒன்று. காலி மைதானத்தில் தங்களுக்குப் பதிலாக இருக்கட்டும் என்று ‘கோப்’ கேலரியில் கொடிகளை விரித்து வைத்திருந்த ரசிகர் குழு, அந்தக் கொடிகளைக் கழற்றப்போவதாக அறிவித்தது. செல்சி ரசிகர்கள் தங்கள் மைதான வாசலில் தெருவை மறித்து நின்றார்கள். இரண்டே நாளில் ஆறு ஆங்கில கிளப்புகளும் பின்வாங்கின. லிவர்பூல் உரிமையாளர் ஜான் ஹென்றி வீடியோவில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். உள்ளே நுழையவே அனுமதி இல்லாத ரசிகர்கள் அந்தத் திட்டத்தை வெளியில் இருந்தே சாய்த்தார்கள். அதற்கு ஒரு கோல்கூட அடிக்க வேண்டியிருக்கவில்லை.

மே 23 அன்று ஆன்ஃபீல்டில் 10,000 பேரை அனுமதித்தார்கள். கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக மானே இரண்டு கோல் அடித்தார். லிவர்பூல் 69 புள்ளிகளுடன் மூன்றாவது இடம் பிடித்தது. சொந்த மைதானத்தில் 33 புள்ளிகள், வெளியூரில் 36. அடுத்த முறை யாராவது உங்களிடம் கூட்டம் இல்லாததால்தான் அந்த அணி தோற்றது என்று சொன்னால், அந்த முதல் ஒன்பது ஆட்டங்களின் முடிவை அவர்களிடம் கேளுங்கள். ரசிகர்கள் அந்த மாதங்களில் என்ன செய்தார்கள் என்று கேட்டால், 2020 ஏப்ரல் 4, 2021 ஏப்ரல் 18 ஆகிய இரண்டு தேதிகளைச் சொல்லுங்கள்.