படித்து முடித்த தாதிக்கு முதல் வேலை: நமக்கும் பொறுப்புண்டு

சம்பளம், வேலைநாள், லயத்துக் கூரை, சேமலாப நிதி என்றுதான் இந்தப் பக்கத்தில் வழக்கமாக எழுதி வருகிறோம். இம்முறை தாதியர் வேலையைப் பற்றி எழுதுகிறோம். தொழிற்சங்கப் பத்திரிகைக்கும் நேர்ஸ் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கொழுந்து பறித்த காசில்தான் அந்தப் பிள்ளை படித்தது. நாட்சம்பளம் 1,000 ரூபா என்ற கோரிக்கை 2021 இல் வர்த்தமானியில் ஏறுவதற்கு முன் எத்தனை வருடம் ரோட்டில் நின்று கோஷம் போட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, காதணியை அடகு வைத்து, சீட்டுக் கட்டி ஒரு தாய் தன் மகளைத் தாதியாக்குகிறாள் என்றால், அந்தப் படிப்பு வீணாகாமல் பார்ப்பது சங்கத்தின் வேலையுந்தான்.

படித்து முடித்த உடனே வேலை என்று குடும்பம் நம்புகிறது. பல பிள்ளைகளுக்கு அப்படி நடப்பதில்லை. படிப்பு முடிந்த நாளுக்கும் முதல் நியமனத்துக்கும் நடுவில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வருகிறது. இந்த இடைவெளியில்தான் கடனுக்கு வட்டி ஏறுகிறது, தரகர் வாசலுக்கு வருகிறார், "படிக்க வைத்து என்ன கண்டோம்" என்ற பேச்சும் லயத்தில் எழும்புகிறது. ஆகவே இந்த இடைவெளியில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், எல்லாத் தாதியர் படிப்பும் ஒன்றல்ல. சுகாதார அமைச்சு வர்த்தமானி மூலம் விண்ணப்பம் கோரி, அரச தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்று வருடம் பயிற்றுவிப்பது ஒரு வழி. பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு போன்ற பல்கலைக்கழகங்களில் நான்கு வருடம் படித்துப் பட்டம் பெறுவது இன்னொரு வழி. தனியார் நிலையங்களில் பணம் கட்டிப் படிப்பது மூன்றாவது வழி. முதல் இரண்டு வழியில் போனவர்கள் அரச நியமனத்துக்காகக் காத்திருப்பார்கள். மூன்றாவது வழியில் மிகவும் எச்சரிக்கை தேவை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று நடக்கும் சில வகுப்புகள் பராமரிப்பாளர் வேலைக்கும் உதவியாளர் வேலைக்கும் உரியவை. அவை கேவலமான வேலைகள் அல்ல. ஆனால் தாதி என்று சொல்லிப் பணம் வாங்கி, கடைசியில் உதவியாளர் சான்றிதழைக் கொடுத்தால் அது மோசடி. பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இந்தச் சான்றிதழைக் கொண்டு இலங்கை தாதியர் சபையில் பதிவு செய்யலாமா?" எழுத்தில் பதில் தராத இடத்தில் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

அடுத்தது பத்திரங்கள். நமது பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டு. தோட்டத்தில் பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியதன் பலனை இருபத்தைந்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை அனுபவிக்கிறது. நேர்முகப் பரீட்சைக்குப் போன இடத்தில், "இது நீங்கள்தானா?" என்று கேட்கிறார்கள். இறுதிப் பரீட்சை எழுதும் வரை காத்திருக்காமல், பயிற்சிக்குச் சேர்ந்த வருடமே பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போய்ப் பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் கடிதம் வந்து சேர வேண்டுமே! அரச வேலைக்கான அழைப்பு இன்றும் பெரும்பாலும் தபாலில்தான் வருகிறது. நமது வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிசன், தபாலகம் என்று மூன்று வரி எழுதினால் அதற்குள் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அடங்கிவிடுகின்றன. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கே மேசையில் கிடந்து, ஒரே பெயருள்ள வேறொருவர் வீட்டுக்குப் போய், நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு உரியவர் கைக்கு வந்த கதைகள் நமது தோட்டங்களுக்குப் புதியவை அல்ல. ஒரு கடிதம் பிந்தினால் ஒரு வருடம் போகிறது. சில நேரம் வாய்ப்பே போகிறது.

இதை விதி என்று விட்டுவிட முடியாது. தோட்டப் பகுதிகளில் சேவை செய்யப் பிரதேச சபைகளுக்கு இருந்த சட்டத்தடை 2018 இல் திருத்தப்பட்டது. எனவே பாதைக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் கேட்பது சலுகை அல்ல, உரிமை. ஒவ்வொரு தோட்டத்திலும் இந்தக் கோரிக்கையை எழுத்தில் பிரதேச சபைக்குக் கொடுக்க வேண்டும். அது வரும் வரை, விண்ணப்பிக்கும் பிள்ளைகள் நகரத்தில் நம்பகமான உறவினரின் விலாசத்தையோ, தபாலகத்தில் தபாற்பெட்டி எடுத்திருப்பவரின் இலக்கத்தையோ பயன்படுத்துங்கள். வேலை செய்கின்ற தொலைபேசி இலக்கத்தை விண்ணப்பத்தில் எழுதுங்கள். சிம் மாற்றினால் அறிவியுங்கள்.

அரச நியமனம் வரும் வரை சிலர் கொழும்பு, கண்டி தனியார் ஆஸ்பத்திரிகளில் சேர்கிறார்கள். அனுபவம் கிடைக்கும், கையில் காசும் வரும், நல்லதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக்கூடாது. நியமனக் கடிதம் கேளுங்கள். "பயிற்சிக் காலம்" என்று சொல்லி மாதக்கணக்கில் முழு வேலை வாங்கிக்கொண்டு கைச்செலவு மட்டும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தர வேண்டியது 3 வீதம். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய்க்குத் தெரிந்த இந்தக் கணக்கு, ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மகளுக்கும் பொருந்தும். மூலச் சான்றிதழ்களை ஒருபோதும் கையளிக்காதீர்கள். பிரதி மட்டும் கொடுங்கள். சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளைப் பிடித்து வைப்பது பழைய கங்காணித் துண்டுமுறையின் புது வடிவம். இத்தனை வருடம் வேலை செய்வேன், விட்டுப்போனால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்ற பிணை ஒப்பந்தம் தந்தால், கையெழுத்துக்கு முன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து விளங்கியவரிடம் காட்டுங்கள்.

தரகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "மேலிடத்தில் ஆள் இருக்கிறது, இவ்வளவு கொடுத்தால் லிஸ்டில் பெயர் ஏறும்" என்று எவர் சொன்னாலும், அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், எந்தச் சங்கத்துக்காரராக இருந்தாலும், நமது சங்கத்துக்காரராகவே இருந்தாலும், பணம் கொடுக்காதீர்கள், எங்களுக்கு அறிவியுங்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலை என்றால், முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்ட பிறகுதான் அடுத்த பேச்சு. சங்க அலுவலகத்துக்கு வந்து சிபாரிசுக் கடிதம் கேட்பவர்களுக்கும் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்: சங்கக் கடிதத்தால் அரச நியமனம் கிடைக்காது. உரிமை மறுக்கப்பட்டால் எழுதுவோம், வாதாடுவோம். புள்ளியில் முன்னிற்கும் வேறொரு ஏழைப்பிள்ளையைத் தாண்டி உங்கள் பிள்ளையை ஏற்றிவிட எழுத மாட்டோம்.

நியமனம் தூரத்தில் கிடைத்தால் பெற்றோர் தயங்குகிறார்கள். "வயசுப் பிள்ளை, இரவு டியூட்டி, தெரியாத ஊர்" என்ற பயம் நியாயமானதே. ஆனாலும் நியமனத்தை மறுத்தால் அந்த இடமே கைநழுவிப் போகலாம். முதலில் போய்ப் பாரமெடுக்கட்டும். தாதியர் விடுதி உண்டா, இரவு ஏழு மணிக்கு ஆரம்பிக்கும் வேலைக்குப் போக பஸ் உண்டா என்று விசாரியுங்கள். தேவைப்பட்டால் தகப்பனோ அண்ணனோ கூடப்போய் ஒரு நாள் பார்த்து வரட்டும். இடமாற்றம் கேட்கும் காலம் பிறகு வரும்.

இதில் நமது சொந்த நலனும் இருக்கிறது. நடுச்சாமத்தில் நமது பாட்டி ஒருவர் வார்டில் படுத்துக்கொண்டு "நெஞ்சு கரிக்குது, கை உளையுது" என்கிறார். கேட்பவருக்கு விளங்கவில்லை என்றால் மருந்து பிந்தும். படிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் படிவத்தில் விரல் அடையாளம் வைத்துவிட்டு ஒப்பரேசனுக்குப் போகும் நிலை இன்னும் முற்றாக மாறவில்லை. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியோடு கட்டிய ஆஸ்பத்திரி 2017 இல் திறக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். கட்டிடம் வந்தால் மட்டும் போதாது. நோயாளியின் மொழியில் பேசுகின்றவர்கள் ஒவ்வொரு வேலைமுறையிலும் இருக்க வேண்டும். நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் தமிழ் தெரிந்த தாதியரை நியமிக்கும்படி சுகாதார அமைச்சைக் கேட்கிறோம். அதேபோல நமது பிள்ளைகளும் சிங்களத்தைத் திருத்தமாகக் கற்க வேண்டும். அரச ஊழியர்கள் இரண்டாம் அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது 2007 முதல் விதி. விதி ஒருபுறம் இருக்கட்டும். பக்கத்துக் கட்டிலில் முனகும் சிங்களத் தாய்க்கும் அவள்தானே தாதி!

தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் மூன்று வேலைகளைத் தருகிறோம். உங்கள் டிவிசனில் தாதியர் பயிற்சி பெறும், அல்லது முடித்துக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். அவர்களுக்கு வரும் கடிதம் அலுவலகத்தில் ஒரு நாள்கூடத் தங்காதிருக்க, தினமும் ஒருவர் போய்ப் பார்க்க ஒழுங்கு செய்யுங்கள். ஏற்கெனவே வேலையில் இருக்கும் நமது தாதியர் ஒருவரை வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அழைத்து, காத்திருக்கும் பிள்ளைகளோடு பேசச் சொல்லுங்கள். அடுத்த மாதச் சந்தாக் கூட்டத்தில் இந்தப் பெயர்ப் பட்டியல் மேசைக்கு வர வேண்டும்.