பளபளக்கும் அடுக்களையில் யாருக்குப் பங்கு?

வீட்டை விற்பது என்று முடிவானதும் வேலை தொடங்குவது அடுக்களையில்தான். கூடத்துக்கு ஒரு கை பெயின்ட் போதும். படுக்கையறைக் கதவைச் சாத்திவிடலாம். அடுக்களையில் எதையும் மறைக்க முடியாது. பார்க்க வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சிங்க்குக்கு அடியில் குனிந்து நீர்க்கசிவு தேடுவார்கள், அலமாரிக் கதவை இழுத்து மோந்து பார்ப்பார்கள். அதனால் புரோக்கர் முதல் நாளே சொல்லிவிடுகிறார்: "கிச்சனைக் கொஞ்சம் பளிச்சுன்னு வெச்சுக்குங்க சார். லேடீஸ் அதைத்தான் பார்ப்பாங்க."

கவனியுங்கள், அவர் 'சார்' என்றுதான் சொல்கிறார். கேட்டுக்கொள்வது அவர், செய்யப்போவது இவள்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? சென்னையில் 1990களில் கட்டிய இரண்டு படுக்கையறைக் குடியிருப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் தாளித்த எண்ணெய் கருப்பாக உறைந்திருக்கும். சோடா உப்பும் வெந்நீரும் ஊற்றிச் சுரண்ட வேண்டும். டைல்ஸ் இடுக்கில் மஞ்சள் ஏறியிருக்கும். பிரஷ்ஷால் தேய்த்து, ஒயிட் சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டும். கடப்பா கல் தட்டுகளைக் காலி செய்து துடைக்க வேண்டும். பரணில் இருக்கும் பித்தளை அண்டா, இட்லிப் பானை, பழைய குக்கர் எல்லாவற்றையும் இறக்கி, எதை வைத்துக்கொள்வது, எதை எடைக்குப் போடுவது என்று பிரிக்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே மூன்று வேளையும் அதே அடுப்பில் சமைத்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஆள் வருகிறது என்று தகவல் வந்தால், பாதியில் அடுப்பை அணைத்துவிட்டு மேடையைத் துடைத்து வைக்க வேண்டும். உடம்பு முடியாதவள், கொஞ்சம் காசு இருப்பவள், இந்த வேலையை வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் தள்ளுகிறாள். அழுக்கு அப்போதும் ஒரு பெண்ணின் நகக்கண்ணுக்குள்தான் போகிறது.

இத்தனை பாடும் எதற்கு? இங்கே யாரும் சமைத்ததே இல்லை என்று வாங்க வருகிறவரை நம்பவைப்பதற்கு. இருபது வருஷம் ஒருத்தி நின்ற இடத்தில் அவள் நின்ற தடம் தெரியக்கூடாது. அந்தத் தடத்தை அழிக்கிற வேலையும் அவளுக்கே.

மணமும் அழிய வேண்டும். விற்பனை முடிகிறவரை கருவாடு கிடையாது, மீன் கிடையாது, மாட்டுக்கறியைப் பற்றிப் பேச்சே கிடையாது. அக்கினி மூலையில் அடுப்பு இருந்தால் அதை விளம்பரத்தில் போடலாம். அந்த அடுப்பில் என்ன வெந்தது என்பதை மட்டும் வெளியே விடக்கூடாது. 'நீட்டா இருக்கு' என்று வாங்க வந்தவர் சொல்லும்போது, பல சமயம் அவர் தேடியது எண்ணெய்ப் பிசுக்கை அல்ல, சாதியை. அதையும் தேய்த்துக் கழுவும் பொறுப்பு பெண்ணின் தலையில் விழுகிறது.

சரி, அடுக்களை பளபளத்தது, வீடு நல்ல விலைக்குப் போனது. அந்த விலையில் அவளுக்கு என்ன?

கணக்குப் பார்ப்போம். புரோக்கருக்குக் கமிஷன் உண்டு. வீடு விற்ற லாபத்துக்கு வருமான வரி கணக்கிடும்போது அந்தக் கமிஷனைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். மாடுலர் கிச்சன் போட்டிருந்தால், பில் இருக்கும்பட்சத்தில் அதையும் மேம்பாட்டுச் செலவாகக் காட்டலாம். தச்சரின் கூலிக்கு ரசீது, கிரானைட்டுக்கு ரசீது. அவள் உழைப்புக்கு ரசீது இல்லை. ரசீது இல்லாத உழைப்பு சட்டத்தின் கண்ணில் நடக்கவே இல்லை. 2024ஆம் ஆண்டு நடந்த இந்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரி 289 நிமிடம். அப்படி வேலை செய்யும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். அந்த 289 நிமிடத்தை இருபது வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 35,000 மணி நேரத்தைத் தாண்டும். கிரையப் பத்திரத்தில் அதற்கு ஒரு வரி கிடையாது.

அந்தப் பத்திரத்தில் வேறொரு வரி உண்டு. அடுக்குமாடியில் வீடு வாங்கியவருக்கு, கட்டடம் நிற்கும் மனையில் 'பிரிபடாத பாகம்' இத்தனை சதுர அடி என்று எழுதியிருப்பார்கள். தரையைத் தொடாமல் மூன்றாவது மாடியில் இருப்பவருக்கும் மண்ணில் பங்கு உண்டு என்பதைச் சட்டம் புரிந்து வைத்திருக்கிறது. அதே வீட்டின் அடுப்படியில் நின்றவளுக்குப் பிரிபடாத பாகமாகவாவது ஒரு பங்கு உண்டு என்பது மட்டும் அதற்குப் புரிவதில்லை.

சட்டம் இதில் எப்போதுமே மந்தம்தான். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தது. அதன் 23ஆம் பிரிவின்படி, குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பெண் வாரிசுக்குப் பங்கு இருந்தாலும், ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை அவள் பாகம் கேட்க முடியாது. அந்தப் பிரிவை நீக்க 2005 வரை ஆனது. அதே ஆண்டு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு வீட்டில் குடியிருக்கும் உரிமை தந்தது. இருக்கலாம், ஆனால் வீடு அவளுடையது ஆகாது.

ஒரு கதவு திறந்தது 2023 ஜூனில். வெளிநாட்டில் வேலை பார்த்த கணவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கில், வீட்டை நடத்திய மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்துக்கான பங்களிப்பே, அவருக்குச் சமபங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஒவ்வொரு பெண்ணும் வழக்குப் போட்டுத்தான் தன் பங்கை நிரூபிக்க வேண்டுமா? கோவாவைப் பாருங்கள். அங்கே போர்த்துகீசியர் காலத்துச் சிவில் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை திருமணத்தோடு சொத்து இருவருக்கும் பொதுவாகிறது. வீட்டை ஒருவர் மட்டும் விற்க முடியாது. இந்த நாட்டிலேயே ஒரு மூலையில் நடைமுறையில் இருப்பதைத் தமிழ்நாட்டுப் பெண் கேட்டால் குடும்பம் உடைந்துவிடும் என்கிறார்கள்.

"பணம் குடும்பத்துக்குத்தானே வருகிறது?" என்று கேட்பார்கள். வரட்டும். எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது, அடுத்த வீடு யார் பேரில் பதிவாகிறது என்று திருப்பிக் கேளுங்கள். "அவ பேர்லதானே வாங்கினோம்" என்பார்கள் இன்னும் சிலர். வட்டியில் சிறு சலுகை கிடைக்கிறது என்பதற்காக வங்கிக் கடனில் அவள் பேரைச் சேர்ப்பது, விற்கும் நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய்க் கைநாட்டு வைக்கச் சொல்வது, இதற்குப் பெயர் உரிமை இல்லை. விலை என்ன, எப்போது விற்பது, விற்பதா வேண்டாமா என்ற பேச்சு கூடத்தில் நடந்தபோது அவள் எங்கே இருந்தாள்? பேச வந்தவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்தாள்.

ஆகவே, தோழிகளே, ஒயிட் சிமெண்ட்டைக் குழைப்பதற்கு முன்பு பேசுங்கள். வீட்டின் தாய்ப்பத்திரத்தைக் கேட்டு வாங்கி ஒருமுறை முழுக்கப் படியுங்கள். யார் பேர் இருக்கிறது, யார் பேர் இல்லை என்று பாருங்கள். அட்வான்ஸ் வாங்கும் நாளில் நீங்களும் அந்த மேசையில் உட்காருங்கள். விற்ற பணத்தில் உங்கள் பாகம் உங்கள் கணக்குக்கு வர வேண்டும், அல்லது அடுத்த பத்திரத்தில் உங்கள் பேர் சரிபாதி உரிமையோடு எழுதப்பட வேண்டும். இதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். வேலைக்கு வரும் அக்காவுக்கு, விற்பனைக்காகச் செய்த கூடுதல் வேலைக்குத் தனிக்கூலி கொடுக்கச் சொல்லுங்கள். கல்லூரியில் படிக்கும் பெண்கள், அம்மாவின் பேரில் என்ன இருக்கிறது என்று இன்று இரவே வீட்டில் கேளுங்கள். பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

சம்மதிக்க மறுத்தால்? எக்ஸாஸ்ட் ஃபேன் அப்படியே இருக்கட்டும். ஞாயிறு பதினோரு மணிக்கு ஆள் வரும் நேரத்தில் வாணலியில் கருவாடு பொரியட்டும்.